உன் வயசைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. உடம்பும் மனசும் சௌக்கியம்தானே என்று உன்னைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு சௌக்கியம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். போனில் பேசாமல் இவள் எதற்கு உட்கார்ந்து கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். உங்கப்பாவின் போன் அவர் ஓட்டுகிற லிஃப்டின் குழிக்குள் விழுந்து நொறுங்கியதில் இருந்து வீட்டுக்கு ஒரே போன்தான், அதுவும் என் கையில் இருப்பதே இல்லை. நான் உன்னைக் கூப்பிட எடுத்தால் உன் தங்கை வந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பாசம் என்று நினைத்துவிடாதே, நான் என்ன பேசுகிறேன் என்று கேட்பதற்காக நிற்கிறாள். போன வாரம் என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, சளி என்றேனே, சளியும் இல்லை கிளியும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற பெண்ணுக்குப் பயந்து பொய் சொல்லும் நாளும் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் இதை வேலை இடத்தில், சாப்பாட்டு இடைவேளையில், துணி மடிக்கிற மேஜை மேல் வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற பெரிய உருளை ஓடுகிறது, மேஜை ஆடுகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

ஓட்டலில் இந்த மாதம் நல்ல கூட்டம். எல்லா அறையும் நிரம்பியிருப்பதால் விரிப்பும் துவாலையும் மலைமாதிரி வந்து குவிகின்றன, புதிதாக வந்த மேற்பார்வையாள் ஓரம் ஓரத்தோடு சேரவில்லை என்று மடித்ததைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறாள், நானும் வாயை மூடிக்கொண்டு மறுபடி மடிக்கிறேன். உங்கப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் குளித்தால் நம் சமையலறைக் கூரையில் இன்னும் சொட்டுகிறது, கேட்டால் ஆள் வருவான் என்கிறார்கள், ஆள் வந்தபாடில்லை. நம் ஒட்டடைக்குச்சி இன்னும் வளர்ந்துவிட்டாள். நீ வைத்த பெயருக்குக் குறை வைக்கவில்லை, குளியலறை வாசலில் குனிந்துதான் நுழைகிறாள். உன் பழைய சட்டையெல்லாம் முழங்கைக்கு மேலே நிற்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்தால் பதினைந்து வயதுக் குழந்தைதான், தூங்கும்போது இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். இதை நீ நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

உனக்கு வாலிபால் என்றால் பந்து வலைக்கு மேலே போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும், அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கிளப்புக்காரர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, முறை வைத்து, புதிதாக வருகிற பெண்களை ஆளுக்கு ஒருத்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஏலம் என்று சொன்னால் மாஸ்டர், அதுதான் இவளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், கோபித்துக்கொள்கிறார், தேர்வு என்று சொல்ல வேண்டுமாம். பெயர் எதுவானால் என்ன, பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். அந்தத் தேர்வில் பெயர் கொடுக்கப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். முன்பு அப்படி இல்லை. நம் கட்டடத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் மகள் பதினாறில் போனாளே, நினைவிருக்கிறதா, தெருவே கை தட்டி அனுப்பிவைத்ததே. அவளும் அவளைப் போல இன்னும் சில பெண்களும் திரும்பி வந்த பிறகுதான் இந்தப் பதினெட்டு வந்தது. நீ போன பிறகு அவளைப் பார்த்திருக்க மாட்டாய். படியில் இறங்கும்போது பின்பக்கமாக இறங்குகிறாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி. முன்பக்கமாக இறங்கினால் முட்டி தாங்காதாம். எதிரே வருகிறவர்களுக்கு அவள் முதுகுதான் தெரியும். உன் வயசு அவளுக்கு.

இனி உங்கப்பாவின் சாமர்த்தியத்தைக் கேள். அவருக்கு வார விடுமுறை, நான் வேலையில் இருக்கிறேன், சின்னவள் போனை வீட்டில் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறாள். விளையாட்டுச் சங்கத்தில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். மாஸ்டர் தன்னிடம் ஆடுகிறவர்களின் பெயர்களை வயது போடாமல் மொத்தமாக அனுப்பியிருக்கிறார், அதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். அந்த அலுவலகத்தில் பதினெட்டு முடிந்தவர்களை 'வயசுக்கு வந்தவங்க' என்றுதான் சொல்வார்களாம், நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அதற்கு வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோய்விட்டது. அவள் எடுத்த எடுப்பில், "சார், பொண்ணு வயசுக்கு வந்தாச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கடையில் நமக்கு உள்பாவாடை எடுக்கும்போது வாசலில் போய் நின்று வானத்தைப் பார்க்கிற மனுஷன். எதற்கும்மா கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்ன, "அதெல்லாம் வந்தாச்சும்மா, ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். என்னிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று கூச்சமாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவர் வாயால் கெட்டது இவர் இல்லை.

அந்தப் பெண் பதினெட்டோடு இரண்டைக் கூட்டி இருபது என்று போட்டுக்கொண்டாள். தேர்வு நடந்தது. ஒரு கிளப் இவளை எடுத்துவிட்டது, அதுவும் முதல் சுற்றிலேயே. மாஸ்டர் ஓடி வந்து சொன்னபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன், துணிக் கூடையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். இவள் ஆட்டத்தைப் பார்த்து விதிவிலக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கிளப்பில் இருந்து வந்த தாளில் வயது இருபது என்று இருந்தது. உனக்கு இருபது, அவளுக்கும் இருபது, அந்தக் கணக்குப்படி உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே சில மாதம்தான், நான் என்ன பூனையா என்று உங்கப்பாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காது வரைக்கும் சிவந்துபோய் அப்போதுதான் அந்தப் போன் கதையைச் சொன்னார்.

மறுநாளே அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்தச் சங்கத்துக்குப் போனேன். கூப்பிட்ட பெண் நல்லவள்தான், கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு உள்ளே எழுந்து போனாள். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. என் கண்ணைப் பார்க்காமல், தேர்வு முடிந்துவிட்டது, இனிமேல் எதுவானாலும் கிளப்தான் எழுதித் தர வேண்டும் என்றாள். நான் பெற்ற பெண், என் பெண்ணுக்குப் பதினைந்து என்று நான் சொல்கிறேனே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டேன். பெற்றவர்தான் இருபது என்று சொன்னார் என்றாள். கதவு வரைக்கும் என் கூடவே வந்து, போய்ட்டு வாங்கக்கா என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் போய் வந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ, அந்த வாரமே கிளப் மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதட்டுகிற ஆள் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், கூரைச் சொட்டுக்கு வைத்திருந்த வாளியைத் தாண்டி உட்கார்ந்தார். நான் தப்பு நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் கண் முழுக்கச் சுவரில் இருந்தது, நீயும் அவளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் மேல். இது யார், மூத்தவளா, என்ன வயது என்று கேட்டார். நான் இருபது என்றேன், எந்த ஊரில் என்ன வேலை என்று பெருமையாக வேறு சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்றார். எழுந்து போகும்போது, "பேரைத் திருத்துறது சுலபம்மா. வயசைத் திருத்துறதுதான் கஷ்டம்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. அவர் போன பிறகு மாஸ்டர்தான் விளக்கினார். சங்கத்தில் இருபது என்று இருக்கிறது, நம் வீட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், வெளியூரில் இருக்கிறாள், விளையாட்டுப் பக்கமே வராதவள். பெயர் கேட்டதில் தவறிவிட்டது என்று ஒரு வரி போட்டு, உன் பெயரையும் உன்னிடம் இருக்கிற பிறப்புச் சான்றிதழையும் இவளுக்கு வைத்துவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடுமாம். அக்கா தங்கைக்குள் இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்கிறார். துணி மாற்றிப் போட்டுக்கொள்கிற மாதிரி சொல்கிறார்.

உங்கப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். லிஃப்டில் எட்டுப் பேர்தான் என்று பலகை மாட்டிவிட்டு ஒன்பதாவது ஆள் காலை வைத்தால் கத்துகிற மனுஷன் நீங்கள், உங்கள் பெண் என்றால் மட்டும் பலகை வேண்டாமா என்று கேட்டேன். "ஒம்பது பேர் ஏறி நல்லபடியா எறங்கினதையும் பாத்திருக்கேன்" என்றார். தன்னால் வந்த வினை, இப்போது போய் நிறுத்தினால் பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவன் ஆகிவிடுவோம் என்று அவருக்குப் பயம். வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது, இனி சாண் என்ன முழம் என்ன என்று அவர் பேசுகிற பேச்செல்லாம் மாஸ்டர் பேச்சு. தினமும் மாலையில் மாஸ்டர் தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு நிற்கிறார், உங்கப்பா வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் கிட்டே போனால் கண்ணாடி மேலே ஏறுகிறது.

வீட்டில் நடப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளப்பில் இருந்து ஒருவர் வந்து அவள் காலையும் கையையும் நாடா வைத்து அளந்துகொண்டு போனார், அவளைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போது திடீரென்று, அம்மா, அக்கா பிறந்தது மழைக்காலமா வெயில் காலமா என்கிறாள். அக்காவுக்கு முகவாயில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, அக்கா முதலில் எந்தப் பள்ளிக்கூடம், அந்த டீச்சர் பெயர் என்ன. முதலில் உன்னைத் தேடுகிறாள் என்று நினைத்து நான் கதை கதையாகச் சொன்னேன், எனக்கே அழுகை வந்தது. பிறகுதான் கவனித்தேன், அவள் சிரிக்கவும் இல்லை வருத்தப்படவும் இல்லை, சொன்னதை உதட்டுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பாடம் படிக்கிற மாதிரி. அதில் இருந்து நான் உன்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை.

தையல்காரர் மகளிடம் போய்க் கேட்டேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி அங்கே என்னதான் செய்வார்கள் என்று கேட்டதற்கு, யாரும் அடிக்கவோ திட்டவோ இல்லை என்றாள். "எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான் ஆன்ட்டி. வலிக்குதுன்னு சொன்னா, கூட இருக்குற அக்காங்களுக்கு வலிக்கலையேன்னு கேப்பாங்க. அப்புறம் ஊசி போடுவாங்க. வலி போயிடும், அதனால மறுபடி குதிப்போம்." அவளுக்காவது பதினாறு என்று அவர்களுக்குத் தெரியும். இவளை இருபது என்று நினைத்துக் குதிக்கச் சொல்வார்கள், இருபது வயது எலும்பு என்று நினைத்துப் பாரம் தூக்க வைப்பார்கள், இருபது வயதுக்காரிக்குப் போடுகிற ஊசியைப் போடுவார்கள். வளர்கிற எலும்பம்மா அது. தானாகக் கனியாததைத் தடியால் அடித்தா கனிய வைப்பது. இளங்கன்று பயமறியாது, அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டாமா. வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் வயது வெளியே வந்துவிடும் என்று அவள் வாயைத் திறக்கவே மாட்டாள், அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடிபட்டால்கூட உன் பெயரில்தான் எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது அவளாக இருக்கும், தலைமாட்டுச் சீட்டில் நீ இருப்பாய்.

அதனால் கண்ணு, நான் சொல்வது ஒன்றுதான். அவள் உன்னைக் கூப்பிடுவாள். நைச்சியமாகக் கேட்பாள், அழுவாள், அக்கா நீ எனக்கு இதுவரைக்கும் என்ன கொடுத்தாய் என்பாள். நீ இளகிப்போகிற ஆள், சின்ன வயதில் அவள் அழுதால் உன் தட்டில் இருப்பதையும் எடுத்து அவளுக்குப் போட்டுவிடுவாய். சட்டையைக் கொடு, சம்பளத்தைக் கொடு, உன் வயசை மட்டும் கொடுத்துவிடாதே. மூன்று வருஷம் எங்கே ஓடிப்போகிறது, வலை அங்கேயேதான் கட்டியிருக்கும். இடைவேளை முடிந்துவிட்டது, மேற்பார்வையாள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மீதியை நாளைக்கு எழுதி முடித்துத் தபாலில் போடுகிறேன்.

மேலே எழுதியது நேற்று. அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன், பிறகு இருக்கட்டும், நீ எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது நம் கட்டட வாசலில் ஒரு வேன் நின்றது. உள்ளே நாலைந்து பெண்கள், எல்லாரும் பெரியவர்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கப்பா ஒரு பெரிய பையைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் பையின் ஜிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். ஒரு பெண்மணி கையில் தாளை வைத்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உன் முழுப் பெயர், தலைப்பு எழுத்தோடு. நீ வந்துவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்துவிட்டாய் என்று திரும்பித் தெருவைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் படியில் இருந்து, "இருக்கேன் மேடம்" என்று சின்னவள் குரல் கேட்டது.

கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் உதறவில்லை, என்னைவிட உயரத்தில் இருந்து குனிந்து என் காதில் சொன்னாள். "அக்கா சரின்னுட்டா. போன வாரமே எல்லாத்தையும் அனுப்பிட்டா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்." அப்படியானால் என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டபோது உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நான் நடுத்தெருவில் கத்தினேன், இவளுக்குப் பதினைந்துதான், இது இவள் பெயர் இல்லை என்று கத்தினேன். வேனுக்குள் இருந்தவர்கள் காதில் இருந்ததை எடுக்கக்கூட இல்லை. அந்தப் பெண்மணி தாளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், அம்மாவுக்குப் பிரிய மனசு இல்லை போலிருக்கிறது என்று உங்கப்பாவிடம் சொன்னாள். உங்கப்பா ஆமாம் என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். தையல்காரர் மகள் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கை தட்டவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது, நீ எதிரே இருந்தால் அறைந்திருப்பேன், அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். தங்கைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்திருப்பாய், உனக்கு அந்த முட்டி தெரியாது, அந்தப் படி தெரியாது. ஆனால் இனி இதை அவிழ்க்க உன் ஒருத்தியால்தான் முடியும். நான் போய்ச் சொன்னால் பெற்றவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று உங்கப்பாவையே சொல்ல வைப்பார்கள். நீ அந்தச் சங்கத்துக்குக் கூப்பிட்டு, இந்தப் பெயர்க்காரி நான், நான் இங்கே வேலையில் இருக்கிறேன், அங்கே ஆடுகிறவள் என் தங்கை, அவளுக்குப் பதினைந்து என்று சொன்னால் போதும், அதற்குப் பிறகு அவர்களால் மறைக்க முடியாது. வாயைப் பொத்திச் சிரித்தாளே அந்தப் பெண், அவளைக் கேட்டுப் பேசு, அவளுக்கு மனசாட்சி இருக்கிறது. உன் வேலைக்குத் தொந்தரவு வந்தாலும் வரும், எனக்குத் தெரிகிறது. சின்னவள் உன்னோடு பேசாமல் போகலாம். என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தாய் என்று சொல்லிவிடு, வெறுக்கிறதை என்னை வெறுக்கட்டும், நல்ல முட்டியோடு வெறுக்கட்டும்.

போனையும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இங்கே கூட வேலை செய்கிறவளின் போனை வாங்கினேன், உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. போனில் உன் முகத்தைத் தொட்டால் நீ வருவாய் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். இதை வேகமாகப் போகிற தபாலில் போடுகிறேன், இவள் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், கிடைத்ததும் முதலில் சங்கத்தைக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு. முதல் ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதாம், பயிற்சி மட்டும் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறும் காலோடு நடக்காதே. எப்போதும் என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் முடிப்பேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. அவரவர் வயசு அவரவரிடமே இருக்கட்டும், இரண்டு பேரும் அதோடு நன்றாக இருங்கள். உறையின் மேல் முதலில் உன் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு, இது எந்த ஊருக்குப் போக வேண்டிய கடிதம் என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் இருவருக்கும்
அம்மா